அறிவன: தெரியவில்லை

முப்பத்தேழு நோட்டுலயும் மெழுகுவத்தி பன்னெண்டு விநாடி எரிஞ்சுதான் அணைஞ்சிருந்துச்சு. எவனாவது ஒருத்தன் பதினொண்ணுன்னு எழுதியிருந்தாக்கூட குபேந்திரன் எழுந்து போயி அவனுக்குக் கை குடுத்திருப்பான். இல்ல. பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு. போலீஸ் பரேடுல கூட இப்படி ஒண்ணா கால் தூக்கி வெக்க மாட்டாங்க. அவன் செவப்புப் பேனாவால ஒவ்வொரு பன்னெண்டுக்கும் ஒரு டிக் போட்டான், போடப் போட நாக்குல ஒரு துருப்பிடிச்ச ருசி ஏறுச்சு. எந்த வீட்லயும் எந்த மெழுகுவத்தியும் எரியலங்கறது அவனுக்குத்தான் நல்லாத் தெரியும், ஏன்னா அந்தப் பன்னெண்டைப் பெத்தவனே அவன்தான். போன மாசம் இதே ஏழாம் வகுப்புல போர்டுல ஒரு தட்டு வரைஞ்சான், தட்டுல தண்ணி வரைஞ்சான், தண்ணி நடுவுல மெழுகுவத்தி, அது மேல கவுத்து வெச்ச ஒரு கண்ணாடி கிளாஸ். எல்லாம் சாக்பீஸ்லதான். 'காண்பன'ங்கற கட்டத்துக்கு வந்தப்ப எவ்ளோ நேரம் எரிஞ்சுச்சுனு போடணுமே, எரிஞ்சாத்தான போடறது, சும்மா பக்கவாட்டுல திரும்பினான், போர்டு மூலையில தேதி இருந்துச்சு. பன்னெண்டு. போட்டுட்டான். முப்பத்தொண்ணாந்தேதி பாடம் எடுத்திருந்தா முப்பத்தொரு விநாடி எரிஞ்சிருக்கும். ஒண்ணாந்தேதின்னா பாவம், பத்த வெச்ச கையே இன்னும் கீழ எறங்கியிருக்காது. நெனச்சா சிரிப்பு வரத்தான் செஞ்சுது, ஆனா தொண்டை வரைக்கும் வந்து அங்கயே புளிச்சுப்போயி நின்னுடுச்சு, காலைல தின்ன ஊத்தப்பம் மாதிரி.

மணி பதினொண்ணு இருபது. மூணாவது பீரியடு. இன்டர்வெல் முடிஞ்சு வந்த புள்ளைங்க மேலேருந்து வேர்வையும் நெல்லிக்காயும் கலந்த ஒரு வாடை, அதுக்கு மேல ரெக்கார்டு நோட்டுக்குப் போட்ட பிரவுன் அட்டையோட பசை வாடை, ஈர டஸ்டர் வாடை, பக்கத்துல சத்துணவுக் கூடத்துலேருந்து முட்டை வேகற வாடை. நல்ல வேளை மூக்குல ரெண்டு ஓட்டைதான். பன்னெண்டு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வர்றாரு, ஆபீசரு. அதுக்குள்ள முப்பத்தெட்டு நோட்டுலயும் கையெழுத்து விழணும். கையெழுத்துன்னா அவன் கையெழுத்து இல்ல. அவனுக்குக் கையெழுத்தே கெடையாது இந்த ஸ்கூல்ல, அவன் ஆளே இல்ல. அறிவியல் எடுக்கற பரிமளா டீச்சர் பதிவேட்டுல லீவு காட்டாம பிரசவத்துக்குப் போயிருக்காங்க, அவங்க வர்ற வரைக்கும் ஒப்பேத்த இன்ஜினியரிங் மூணு வருஷம் படிச்சுட்டு நின்ன குபேந்திரன். அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில 'ப' போட்டு ஒரு சுழி சுழிச்சு பரிமளாவா மாறிக்கிட்டு இருந்தான். முதல் பத்து நோட்டுல சுழி கோணலாப் போச்சு, அப்பறம் சரளமா வந்துச்சு, இப்ப பரிமளா டீச்சரே வந்து போட்டாலும் இது மாதிரி வராது. அந்தம்மா அங்க பச்சை ஒடம்போட படுத்திருக்கு, இங்க ஒருத்தன் அதோட பேரை முப்பத்தேழு தடவை சுழிச்சுட்டான். கையை எதுலயாவது தொடைக்கணும் போல இருந்துச்சு. தொடைக்க ஒண்ணும் இல்ல. பேண்ட்லயே தொடைச்சான். எதிர்ச் செவுத்துல லேமினேஷன் போட்ட சார்ட்டு, 'அறிவியல் முறை'ன்னு தலைப்பு, கீழ ஒரு ஏணி, ஏணிப் படியில உற்றுநோக்கல், கேள்வி கேட்டல், கருதுகோள், சோதனை, முடிவு. மேல் படியில ஒரு பையன் கொடி புடிச்சிக்கிட்டு நிக்கறான். கடையில பிரிண்ட் போட்டு வாங்கினது. கீழ் நாலு படியையும் மிதிக்காம நேரா மேல்படிக்கு எப்படிப் போறதுன்னு சொல்லித் தர்றதுக்குத்தான் அவன இங்க வெச்சிருக்காங்க. லிஃப்ட் ஆபரேட்டர்.

முப்பத்தெட்டாவது நோட்டு தனியா இருந்துச்சு, கட்டுல சேராம, மேஜையோட வலது மூலையில. சுபிக்ஷாவோடது. ரெண்டாவது வரிசையில ஜன்னலோரம் உக்காந்திருக்குற புள்ள, கண்ணாடி போட்டது, அதிகம் பேசாது, பேசினா நின்னு நிதானமா பேசும். காலைல எச்.எம். மங்கையர்க்கரசி டீச்சர் அந்த நோட்டை ரெண்டு வெரலால புடிச்சு எடுத்துட்டு வந்து அவன்கிட்ட நீட்டுனாங்க, செத்த எலிய வாலப் புடிச்சு தூக்குற மாதிரி. "தம்பி, இது என்னன்னு பாருங்க." பாத்தான். காண்பனங்கற கட்டத்துல நல்லா குண்டு குண்டா எழுதியிருந்துச்சு: 'மூன்று முறை செய்தேன். பத்தொன்பது விநாடி, இருபத்திரண்டு விநாடி, பத்தொன்பது விநாடி. முதலில் ஓரத்தில் குமிழிகள் வெளியே வந்தன. எரியும்போது தண்ணீர் கொஞ்சம்தான் ஏறியது. அணைந்த பிறகுதான் வேகமாக ஏறியது. ஆக்சிஜன் தீர்ந்ததால் ஏறினால் எரியும்போதே ஏற வேண்டும்.' அதுக்குப் பக்கத்துல அறிவன. பாத்தது காண்பன, பாத்ததுலேருந்து புரிஞ்சுக்கிட்டது அறிவன, அதான் கணக்கு. மத்த முப்பத்தேழு பேரும் அங்க 'ஆக்சிஜன் தீர்ந்ததால் நீர் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது'ன்னு அவன் போர்டுல எழுதினதை எழுதியிருந்தாங்க. சுபிக்ஷா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா. 'தெரியவில்லை.' எச்.எம். கேட்டாங்க, "அறிவனவுல போயி தெரியலன்னு எழுதுவாங்களா தம்பி? அப்பறம் அதுக்கு எதுக்கு அறிவனன்னு பேரு?" அவன் சிரிச்சான், அவங்க சிரிக்கல. "ஆபீசர் நேரா இந்த மாதிரி நோட்டைத்தான் எடுப்பாரு, அவரு கைராசி அப்படி. யார் எடுத்த பாடம்னு கேட்டா பரிமளா வேலைக்குக் கேள்வி வரும். உங்களை நான் உள்ள விட்டதே யாருக்கும் தெரியாது. புள்ளையக் கூப்புட்டு பதமா சொல்லி வேற தாள்ல எழுதி வாங்கி மேல ஒட்டிருங்க. மூணாவது பீரியடுக்குள்ள. இல்லன்னா நாளைக்கு நீங்க வரவேணாம்." பதமாச் சொல்றதுக்கு அவன் என்ன அல்வாவா கிண்டறான்.

நாளைக்கு வரவேணாம். வரவேணாம்னா வீட்ல என்னன்னு சொல்றது. அஞ்சு மாசமா ஒரே எடத்துக்குப் போறான், இது அவன் சரித்திரத்துலயே ரெக்கார்டு. காலேஜு மூணு வருஷம், செல்போன் கடை ஏழு வாரம், கூரியர் பதினாறு நாளு, ஜிம்முல ரிசப்ஷன்ல அரை நாளு, லஞ்சுக்குப் போனவன் திரும்பல. அப்பா இப்பல்லாம் திட்டறதில்ல, தட்டைப் பாத்துக்கிட்டே, "இன்னும் போறியா"ன்னு மட்டும் கேக்கறாரு, கேட்டுட்டு மோர் ஊத்திக்கறாரு, அந்த மோர் ஊத்தற சத்தம் இருக்கே. போறேன்ப்பா. போயி என்னப்பா பண்றேன், பரிமளான்னு கையெழுத்துப் போடறேன். அவன் நோட்டைத் தன் பக்கமா இழுத்தான், லேசா ஊறுகா வாசம் அடிச்சுது. புள்ள கண்ணாடி கிளாஸ் இல்லாம ஊறுகா பாட்டிலைக் கழுவிக் கவுத்திருக்கு. அன்னிக்குப் பாடம் முடிச்சப்ப, போர்டு பாத்து எழுதிக்கிட்டு இருந்த தலைங்களைப் பாத்து, "நம்பிக்கை இல்லாதவங்க வீட்ல போயி செஞ்சு பாத்துக்கங்கப்பா"ன்னு அவன்தான் சொன்னான். சும்மா ஜோக்குக்குச் சொன்னது. கடைக்காரன் தராசைக் காட்டி வேணும்னா எடை போட்டுப் பாத்துக்கங்கன்னு சொல்ற மாதிரி. எவனும் போட மாட்டான். இது போட்டிருக்கு. மூணு தடவை போட்டிருக்கு.

குமிழி. அந்தக் குமிழியிலதான் அவன் மனசு போயிப் போயி இடிச்சுக்கிட்டு நின்னுது. குமிழி ஏன் வெளிய வருது? சூட்டுல காத்து பெருத்து வெளிய போகுதா, அப்ப அணைஞ்சு ஆறினதும் உள்ள காத்து சுருங்கும், சுருங்கினா வெளியில இருக்கற காத்து தண்ணிய உள்ள தள்ளும், அப்ப ஆக்சிஜனுக்கு இதுல பெருசா சோலியே இல்ல, அப்ப அஞ்சுல ஒரு பங்குன்னு எத்தனை வருஷமா எத்தனை போர்டுல. இது அவனுக்கே இப்பத்தான் தோணுது, இந்த நிமிஷம், இந்த மேஜையில. இருபத்திரெண்டு வயசுல. பன்னெண்டு வயசுப் புள்ள ஒரு பாட்டிலைக் கவுத்து வழி காட்டினப்பறம். மேஜைல ஆபீசர் பாக்கறதுக்குன்னு எல்லாத்தையும் அடுக்கித்தான் வெச்சிருந்தாங்க, கண்ணாடி கிளாஸ், பீங்கான் தட்டு, தட்டுல தண்ணி, தண்ணியில ஒரு எறும்பு செத்து மெதக்குது, நடுவுல புது மெழுகுவத்தி, திரி வெள்ளையா அப்படியே பாலுமாதிரி. பத்த வெக்கக் கூடாதுன்னு எச்.எம். சொல்லிட்டாங்க, மெழுகு வழிஞ்சு தட்டுல ஒட்டிக்குமாம், அப்பறம் ஆயாம்மா சுரண்டிக்கிட்டு இருக்கணுமாம். பக்கத்துல சத்துணவுக் கூடத்துல தீப்பெட்டி இருக்கும். எழுந்து இருபது அடி. வாங்கிட்டு வந்து ஒரு கிழி, ஒரு கவுப்பு, முப்பத்தெட்டுப் பேரும் மேஜையச் சுத்தி நின்னாங்கன்னா அவ்ளோதான். அவன் எழுந்திரிக்கல. இடுப்புலேருந்து கீழ யாரோ பசை போட்டு ஒட்டுன மாதிரி இருந்துச்சு. எரிஞ்சு குமிழி வந்துட்டா என்ன பண்றது. வரலன்னாலாவது பரவால்ல, புள்ள தப்புன்னு சொல்லிரலாம். வந்துட்டா முப்பத்தேழு நோட்டும் தப்பு, முப்பத்தேழு பரிமளாவும் தப்பு. அவன் வெரல் நுனியால எறும்பை எடுத்து மேஜை ஓரத்துல தேய்ச்சான். வெரல்ல அது இன்னும் இருக்கற மாதிரியே இருந்துச்சு.

காலேஜுல அவனுக்கு மாஸ்டர்னு பேரு. சமையல் மாஸ்டர். லேபுல ரீடிங் சமைக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல, விடையச் சொன்னா போதும், பின்னாடியே போயி அதுக்கு ஏத்த மாதிரி இருபது ரீடிங் போட்டு, நடுவுல ரெண்டைக் கொஞ்சம் கோணலா வெச்சு, உப்பு காரம் எல்லாம் சரியா இருக்கும். கடைசியா வெளிக் காலேஜுலேருந்து வந்த ஒரு எக்சாமினரு, "இந்த ரீடிங் நீ எடுத்ததா"ன்னு கேட்டாரு. "இல்ல சார், பரம்பரையா வர்றது. எங்க சீனியருக்கு அவங்க சீனியர் எழுதி வெச்சது"ன்னான். லேபே சிரிச்சுது, எக்சாமினரும் சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே ஃபெயில் போட்டாரு. இந்தக் கதைய டீக்கடையில அவன் நூறு தடவை சொல்லியிருக்கான், ஒவ்வொரு தடவையும் எடுபடும். சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. அதுல ஜோக்கு இல்ல, அதனால சொல்றதில்ல. முதல் வருஷம், பெண்டுலம், நூல்ல கட்டுன இரும்புக் குண்டு. பக்கத்துல எவனும் இல்ல. அவன் நெசமாவே இருபது ஆட்டத்தை எண்ணினான், மூச்சு விடாம எண்ணினான், கணக்கு போட்டா புவியீர்ப்பு ஒன்பதே முக்காச் சொச்சம் வரவேண்டிய எடத்துல எட்டரை வந்துச்சு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த எட்டரை மேல அவனுக்கு அப்படி ஒரு பிரியம் வந்துச்சு, யாருதும் இல்ல, அவனுது, அந்த நூலு இந்தக் கண்ணு, எங்கயோ தப்பு இருக்கு, எங்கன்னு தேடலாம்னு ஒரு குறுகுறுப்பு. அப்பறம் ரப்பரை எடுத்து அழிச்சுட்டு சரியான விடைய எழுதினான். யாரும் சொல்லல. யாரும் மிரட்டல. எச்.எம். இல்ல, ஆபீசர் இல்ல. அவனே அழிச்சான். நாலு வருஷம் ஆச்சு, ரப்பர் துகளை ஊதுனது இன்னும் ஞாபகம் இருக்கு, ஊதுனா பறந்துச்சு.

மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. வாசப்படியில எச்.எம். நெழல் வந்து நின்னுட்டுப் போச்சு. "சுபிக்ஷா, இங்க வாம்மா." வந்தா. ஸ்கர்ட்டு பாக்கெட்டுல கையத் தொடைச்சுட்டு, கண்ணாடிய ஒரு தள்ளு தள்ளிட்டு நின்னா. நோட்டைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு, பாவி மக, டிக் போடத்தான் கூப்புடறாருன்னு நெனச்சுட்டா. "சார், நாலாவது தடவையும் செஞ்சேன் சார். சுடுதண்ணியில பாட்டிலைக் கழுவிட்டுச் செஞ்சா வேற மாதிரி வருமான்னு பாத்தேன். அம்மா வத்தி தீர்ந்துரும்னு புடுங்கிட்டாங்க."

"யார் நேரம் பாத்தது?"

"நாந்தான் சார். அம்மா செல்லுல."

"இதோ பாரு, இன்னிக்கு ஆபீசர் வர்றாரு. எல்லார் நோட்டும் ஒரே மாதிரி இருக்கணும். இந்தத் தாள்ல போர்டுல எழுதிப்போட்ட மாதிரி எழுதிக் குடு, நான் ஒட்டிக்கறேன். பன்னெண்டு விநாடி. அஞ்சுல ஒரு பங்கு."

அவ தாளை வாங்கல. தாளைப் பாத்தா, அவனப் பாத்தா. எதுத்துப் பேசற பார்வை இல்ல, கூட்டல்ல எங்கயோ விட்டுட்டமோன்னு திரும்பப் போட்டுப் பாக்கறப்ப வருமே, அந்தப் பார்வை. "அப்ப நான் பாத்தது தப்பா சார்?"

முப்பத்தேழு பேனாவும் நின்னுது. இல்லம்மா, நீ ஒருத்திதான் பாத்திருக்க. இது அவன் வாய்க்குள்ளயே இருந்துச்சு, முழுசா, உருண்டையா, நாக்கைத் தூக்குனா வெளிய விழுந்துரும். அவன் தூக்குனான். ஆனா அந்த நாக்கு இருவத்திரெண்டு வருஷமா ஒரே ரூட்டுல ஓடுற நாக்கு. "ஊறுகா பாட்டில்ல செஞ்சா ஆக்சிஜனுக்கு உறைக்காதா? அதான் தண்ணி கேட்டுக்கிட்டு வெளிய ஓடியிருக்கு."

வெடிச்சுது கிளாஸ். பெஞ்சுல தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. கடைசி பெஞ்சு சபரீஷ் எழுந்து நின்னு, "சார், மாங்காயா எலுமிச்சையா சார்"னான். "நார்த்தங்காடா"ன்னு இன்னொருத்தன். "ஏய் ஊறுகா"ன்னு எங்கேருந்தோ ஒரு கொரலு, அதுக்கு ஒரு சிரிப்பு, முடிஞ்சுது, பேரு ஒட்டிக்கிச்சு, இனி எட்டாங்கிளாஸ் முடிச்சுப் போற வரைக்கும் அவ ஊறுகாதான். நல்ல ஜோக்கு. அவனுக்கே தெரிஞ்சுது, நல்ல ஜோக்கு, டைமிங் சரியா இருந்துச்சு. வாயில எச்சி ஊறிக்கிட்டே இருந்துச்சு, முழுங்க முழுங்க ஊறுச்சு, எங்கயாவது துப்பணும். சுபிக்ஷா அழுதிருந்தாக்கூட ஒரு வழி இருந்திருக்கும், அழுவாத அழுவாதன்னு சொல்லிட்டு எதையாவது மாத்தியிருக்கலாம். அவ அழல. திரும்பி கிளாஸைப் பாத்தா, அவங்க சிரிக்கறதைப் பாத்தா, அப்பறம் அவளும் கொஞ்சம் சிரிச்சா, உதட்டோட ஒரு ஓரத்தை மட்டும் இழுத்து. பாத்துக் கத்துக்கிட்ட சிரிப்பு. மேஜையிலேருந்து தாளை எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தா.

அஞ்சு நிமிஷங்கூட ஆகல, கொண்டாந்துட்டா. பன்னெண்டு விநாடி. ஐந்தில் ஒரு பங்கு. அடிச்சுத் திருத்தாம, ஓரம் விட்டு, முத்து மாதிரி. அவன் பசை பாட்டிலைத் திறந்தான், மூடி ஓரத்துல காஞ்சு கட்டிதட்டிப் போன பசை, வெரலால வழிச்சு பழைய பக்கத்து மேல தடவுனான். பத்தொன்பது மேல தடவுனான். குமிழிகள் மேல தடவுனான், மை கலங்கி நீலமா இழுத்துக்கிட்டு வந்துச்சு. தாளை மேல வெச்சு உள்ளங்கையால அமுக்குனான், ஓரத்துல பசை பிதுங்கி வெளிய வந்துச்சு, அதை மறுபடி வெரலால வழிச்சு, வழிச்ச வெரலை எங்க வெக்கறதுன்னு தெரியாம காத்துலயே நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். சுபிக்ஷா போகல. நோட்டைத் தன் பக்கம் லேசாத் திருப்பி, பசை படாம அடுத்த தாளைப் புரட்டுனா.

"சார், அடுத்தது மொச்சக்கொட்டை முளைக்கறது சார். அஞ்சு நாள் பாத்து எழுதணும்னு இருக்கு."

"ம்."

"அதையும் சொல்லிட்டீங்கன்னா இப்பவே எழுதிருவேன் சார். அப்பறம் ஒருக்கா ஒட்ட வேணாம்ல."

குத்திக் காட்டறாளான்னு மூஞ்சியப் பாத்தான். இல்ல. வேலைய முடிச்சுட்டுப் போயி உக்காரணும்னு நிக்கற மூஞ்சி, அவ்ளோதான். எச்.எம். நெழலு மறுபடி வாசப்படிக்கு வந்துச்சு, இந்தத் தடவை போகல. அவன் தொண்டையச் செருமினான். "முதல் நாள், மாற்றம் இல்லை. ரெண்டாம் நாள், விதை உப்பியது. மூணாம் நாள் தோல் வெடிச்சு வேர் வந்துச்சுன்னு போடு." அவ மேஜையில குனிஞ்சு நின்னபடியே எழுதுனா, அவன் பேச்சு வழக்குல சொன்னதை நோட்டு வழக்குக்குத் தானா மாத்திக்கிட்டா. பேனா நிக்கவே இல்ல.

"வேர் எவ்ளோ நீளம் சார்?"

"தெரியல"ன்னான்.

"பரவால்ல சார், நானே போட்டுக்கறேன்"னா. கண்ணாடிய ஒரு தள்ளு தள்ளி, ஜன்னல் பக்கம் ஒரு செகண்டு பாத்துட்டு எழுதுனா. 1.4 செ.மீ. எழுதிட்டு, சரியாத்தான் இருக்கான்னு தலையச் சாய்ச்சுப் பாத்தா.

"புள்ளி வெச்சா அளந்த மாதிரி இருக்கும்ல சார்."